எல்லைக் கதவும் மனைவியின் வயலும்

நான் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த காலத்தில், காலை வேளைகளில் எங்கள் வீட்டு வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்தவர்கள் உள்ளே மௌத்து, யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒருவருக்கு மகனுக்கு வாத்தியார் வேலை வேண்டும். இன்னொருவருக்குக் காணாமற்போன எருமை வேண்டும். வேறொருவருக்கு ஒன்றுமே வேண்டாம், எம்.பி. வீட்டில் தேத்தண்ணீர் குடித்தேன் என்று சந்தையில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பல் விளக்கக் கிணற்றடிக்குப் போனால் அங்கேயும் ஒருவர் வந்து நிற்பார். "நீங்க விளக்குங்க சேர், நான் சொல்லுறன், கேட்டுக்கிட்டே விளக்குங்க" என்பார். வாய் நிறைய நுரையோடு ஒரு மனிதன் எதைத்தான் மறுக்க முடியும்?

எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன். அதுவும் சரியல்ல. கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. வீடும் வயலும் பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவான். நான் அப்படிச் சட்டப் புத்தகங்களையும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊரிலிருந்து வந்தவன். வந்து எத்தனையோ காலமாகி, தலைமயிர் கொட்டி, எம்.பி.யும் ஆகிவிட்ட பிறகும் அந்த ஊருக்கு நான் மாப்பிள்ளைதான். கூரை ஓடு மாற்றுவதென்றாலும் என் மனைவியின் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்ற மாட்டார்கள். என்னிடம் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதே இல்லை.

எம்.பி. ஆவதற்கு முதல் நான் கல்முனைக் கோட்டில் வழக்குப் பார்க்கும் பிரக்கிராசி. கறுப்பு அங்கியோடு வெளியூரிலிருந்து வந்து முழங்கிவிட்டுப் போகும் அப்புக்காத்துமாருக்கும் எங்களுக்கும் வித்தியாசம் உண்டு. வீடு, நிலம் கைமாறும் பத்திரமான உறுதியை எழுதுவதும், மனுத் தயாரிப்பதும், கட்சிக்காரன் கொண்டுவரும் பொய்களில் எது தாங்கும் எது உடையும் என்று பிரித்தெடுப்பதும் எங்கள் வேலை. சின்ன வழக்குகளில் நாங்களே எழுந்து பேசுவோம். நான் நன்றாகவே பேசுவேன். அடக்கம் கருதி அதை மறைக்க இந்த வயதில் எனக்குப் பொறுமை இல்லை.

என்னை அரசியலுக்குத் தள்ளிவிட்டது ஒரு தண்ணீர் வழக்கு. ஊருக்கு மேற்கே ஒரே குளத்து நீரில் விளையும் இரண்டு வயல்வெளிகள் இருந்தன. வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். குளத்திலிருந்து வரும் வாய்க்கால் முதலில் மேல் வட்டைக்குள் நுழையும், அதைக் கடந்து கீழ் வட்டைக்குப் போகும். இரண்டுக்கும் எல்லையில் பலகைக் கதவொன்று. மேல் வட்டை ஓரளவு நனைந்ததும், தண்ணீர் பங்கிடும் பொறுப்பிலிருந்த வட்டை விதானை கண்ணால் பார்த்துக் கதவைத் திறந்துவிடுவார். அப்படித்தான் காலகாலமாக நடந்துவந்தது. கோடை விளைச்சலான சிறுபோகம் ஒன்றில் விதானையின் கண் பிழை என்று மேல் வட்டையார் சொன்னார்கள். கீழ் வட்டையார் மண்வெட்டியோடு வந்தார்கள். இரண்டு பக்கமும் மண்டைகள் உடைந்தன. மேல் வட்டையாரின் தலைவராக என்னிடம் வந்து நின்றவர் என் மனைவியின் அண்ணன், என் மச்சான்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. மேல் வட்டையில் எல்லைக் கதவை ஒட்டியிருந்த கடைசி வயல் என் மனைவியின் சீதனம். கீழ் வட்டையில் வாய்க்கால் போய் முடியும் இடத்தில் இருந்த வயல் என் ராத்தாவினுடையது. ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. உம்மா மௌத்தான பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். அந்த வயலின் நெல்லை விற்றுத்தான் நான் கொழும்பில் சட்டம் படித்தேன். வழக்கை எடுக்க மாட்டேன் என்று மச்சானிடம் சொல்லியிருக்கலாமே என்று இன்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். மனைவியின் வீட்டில், மனைவியின் வயலில் விளைந்த சோற்றைத் தின்றுகொண்டு, மனைவியின் அண்ணனிடம் முடியாது என்று சொல்லிப் பார்க்கட்டும் அவர்கள். கேட்பது சுலபம்.

வழக்கில் வென்றேன். இன்றும் சொல்வேன், அது நல்ல வாதம். தன் நிலம் நனையாமல் அடுத்தவன் நிலத்துக்கு நீர் விடும்படி ஒருவனைச் சட்டம் கேட்க முடியாது என்று பேசினேன். மேல் வட்டையின் கடைசி வயல் நிரம்பும்வரை எல்லைக் கதவு மூடியிருக்க வேண்டும், நிரம்பியதை அந்த வயலின் சொந்தக்காரரே விதானையிடம் சொல்ல வேண்டும், சொன்ன பிறகே திறக்க வேண்டும் என்று கட்டளை பெற்றேன். விதானையின் கண்ணை நம்பாமல் சொந்தக்காரரின் வாயை நம்பும் அந்த ஏற்பாடு என் மூளையில் உதித்தது. அன்று மச்சான் என்னைக் கட்டிப்பிடித்தார். என் தோளில் மருதமுனைச் சால்வை ஒன்றைப் போர்த்தினார்கள்.

எந்தக் கமக்காரனாவது தன் வயலுக்குத் தண்ணீர் காணும், போதும் என்று சொல்லி யாராவது கேட்டதுண்டா? வெள்ளத்தில் வரம்பு அறுத்துக்கொண்டு போனாலும் இன்னும் கொஞ்சம் வந்தால் நல்லது என்பான். கடைசி வயலின் சொந்தக்காரி என் மனைவி என்றாலும் அவள் சார்பில் வட்டையில் பேசுவது மச்சான். எங்கள் பக்கத்தில் நிலம் பெண்களுக்கு, வாய் ஆண்களுக்கு. விதானை போய்க் கேட்கும்போதெல்லாம் மச்சான் வரம்பில் நின்று, "இன்னும் நிரம்பல்ல" என்பார். மாரிகாலத்தில் மழை எல்லோருக்கும் பொதுவாகப் பெய்வதால் குறையில்லை. சிறுபோகத்தில் கச்சான் காற்று அனலாக அடிக்கத் தொடங்கினால் கீழ் வட்டை காய்ந்து போகும்.

இந்த நிலையில்தான் தேர்தல் வந்தது. மேல் வட்டையார் என்னை நிறுத்தினார்கள், அதில் ஆச்சரியமில்லை. கீழ் வட்டையாரும் எனக்குத்தான் வோட்டுப் போடப்போகிறோம் என்று வந்து நின்றபோதுதான் என் தலை சுற்றியது. "உங்கட தண்ணிய மூடினது நான்" என்றேன், அவர்களுக்கு மறந்துவிட்டதோ என்று. அவர்களில் வயதான ஒருவர் பொறுமையாக விளக்கினார். "அதுக்குத்தான் சேர் வந்த. ஆர் மூடினாரோ அவருக்குத்தானே துறக்கிற வழி தெரியும். மத்தவன அனுப்பினா அவன் பூட்டத் தேடியே அஞ்சு வருசமும் போயிரும்."

இப்படி ஒரு நியாயத்தை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படித்ததில்லை. நீதிமன்றக் கட்டளையை எம்.பி. மாற்ற முடியாது, எம்.பி. என்பவன் நீதிபதிக்கு மேலதிகாரி அல்ல என்று தொண்டை வறளச் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "ஓம் சேர், இப்ப அப்பிடித்தான் கதைக்கோணும். மேல் வட்டையாரும் கேட்டுக்கிட்டு இரிக்காங்கதானே" என்றார் அந்த மனிதர். நான் உண்மை சொல்லச் சொல்ல அவர்கள் என் சாமர்த்தியத்தை மெச்சினார்கள். மேல் வட்டையாரோ நம்ம மாப்பிள்ளை ஒருநாளும் கதவைத் திறக்க மாட்டார் என்று வோட்டுப் போட்டார்கள். இப்படி இரண்டு தரப்பும் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்ததில் நான் அமோகமாக வென்றேன்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது மட்டக்களப்பில் கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போவேன். கடலோரத்தில் இருந்த அந்தப் பெரிய கட்டடத்தில், பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசில், எங்கள் எல்லைக் கதவைப் பற்றிக் கேள்வி எழுப்பினேன். கேள்வியை எழுதிக் கொடுத்து, அது அச்சாகி, வரிசைப்படி என் முறை வருவதற்குள் அந்தப் போகம் முடிந்துவிட்டது. விவரம் திரட்டப்படுகிறது என்று அமைச்சரிடமிருந்து பதில் வந்தது. நீர்ப்பாசன இலாகாவில் ஓர் எஞ்சினியர் வரைபடத்தை மேசை முழுக்க விரித்து வைத்து, விரலால் தடவித் தேடிவிட்டு, அப்படியொரு கதவே இல்லை என்றார். இருக்கிறது, நானே அதற்காக வழக்குப் பேசினேன் என்றேன். வழக்கு இருந்தால் இலாகா அதில் தலையிட முடியாது என்றார். அதாவது அந்தக் கதவு இல்லவே இல்லை, இருந்தாலும் தொட முடியாது. சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணீர் வரவழைத்தார்.

கோட்டிலும் கதை அதுதான். கட்டளையை மாற்றக் கேட்டுக் கீழ் வட்டையார் வேறொரு பிரக்கிராசியை அமர்த்தியிருந்தார்கள். பழைய கட்சிக்காரருக்கு எதிராக நான் நிற்க முடியாது. விசாரணைக்கு நாள் குறித்தால் நீதிபதிக்குக் காய்ச்சல். அவர் குணமானதும் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் வழக்கை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார். படித்துவிட்டு, மேல் வட்டையார் தரப்பு வாதம் மிகவும் தெளிவாக இருக்கிறது என்று என்னிடமே பாராட்டினார்.

நாடெங்கும் மொழிப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. சபையில் நான் தமிழுக்காகப் பேசிய பேச்சு பத்திரிகையில் வந்திருந்தது. ஊர் என்ன சொல்லுமோ என்ற ஆவலோடு வந்து இறங்கினேன். மறுநாள் காலை முதலில் வந்தவர் கையில் அந்தப் பத்திரிகை இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் அதைப் பிரித்தார். உள்ளே எனக்கென்று கொண்டுவந்த கருவாடு இருந்தது. "கொழும்புல பேசினீங்களாமே சேர், கதவப் பத்தி ஒண்டும் பேசல்லயா?" என்று கேட்டார். ஒரு சமூகத்தின் மொழி என்னாகும் என்று அங்கே நாங்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம். இங்கே இவருக்குக் கதவு. கோபத்தோடு கருவாட்டை வாங்கிக்கொண்டேன். அவர் வயலும் கீழ் வட்டையில்தான் இருந்தது, அதை அவர் வேறு யாரிடம் போய்க் கேட்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான் எம்.பி. ஆன பிறகு வந்த முதல் சிறுபோகத்தில் ராத்தாவின் வயலில் வைக்கோல்தான் மிஞ்சியது. அடுத்த சிறுபோகத்தில் பயிர் குடலைப் பருவத்தில் நின்றபோது அவளைப் பார்க்கப் போனேன். போகும் வழியில் வயலில் இறங்கினேன். தாளின் நடுவில் கதிர் உருண்டு நிற்க, அடியில் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. பயிரின் நுனி வெயிலில் சுருண்டிருந்தது. ஒரு கிழமைக்குள் நீர் பாயாவிட்டால் எல்லாம் பதராகிவிடும் என்பது வயலைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே விளங்கியது.

வீட்டில் ராத்தா என்னோடு நேராகக் கதைக்கவில்லை. தன் கணவரைப் பார்த்து, "எம்பி வந்திரிக்கார், கதிரையப் போட்டுக் குடுங்க" என்றாள். நான் அந்த வீட்டில் ஒருநாளும் கதிரையில் உட்கார்ந்தவன் இல்லை. அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவன். அந்தக் கதிரையில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கொழும்புவரை போய் இவளுக்காகத்தான் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், அது இவளுக்குத் தெரியாதா?

தேத்தண்ணீரை வைத்துவிட்டு அவள் கணவரிடமே சொன்னாள். "அட்டாளைச்சேனையில இரிந்து மகளப் பாத்திட்டுப் போனாங்கல்லுவா, அவங்க வயலயும் பாத்திட்டுத்தான் போனாங்க. புள்ளையப் புடிச்சிரிக்காம். இந்தப் போகம் வெள்ளாம எப்பிடி எண்டு பாத்துச் சொல்லுறாங்களாம். வெடிச்சுக் கிடக்கிற பூமிய ஆர் சீதனமா எடுப்பான்?" இந்தப் போகமும் தவறினால் கணவர் கமத்தை விட்டுவிட்டுக் கரைவலை இழுக்கப் போவதாக இருந்தார். அந்தச் சம்பந்தம் நல்ல சம்பந்தம், பையன் படித்தவன். என் மருமகளின் வாழ்க்கை நான் மூடிய கதவுக்குப் பின்னால் நின்றது.

திரும்பிய கையோடு நேரே என் மனைவியின் அண்ணனிடம் போனேன். அவர் வரம்பில் குந்திச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். "மச்சான், ஒரு மூணு நாளைக்குக் கதவத் துறந்து விடுங்க. ராத்தாட பயிர் செத்துப்போகும்" என்றேன்.

"துறக்க எனக்கும் ஆசதான். ஆனா நிரம்பல்லயே" என்றார் அவர்.

"எப்பதான் நிரம்பும்?"

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நீங்கதானே மச்சான் கோட்டில சொன்னீங்க, தன்ட நிலம் நனையாம அடுத்தவனுக்கு விடச் சொல்லிச் சட்டம் கேக்காது எண்டு. நான் மறக்கல்ல. அப்பிடி ஒரு பேச்ச நான் அதுக்குப் புறகு கேட்டதே இல்ல."

கிண்டலாகச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த தேர்தலுக்குப் பிறகு பார்ப்போம் என்று என் முதுகில் தட்டினார். அதுவரை பயிர் காத்திருக்குமா என்று கேட்டேன். சுருட்டைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து வெடித்தேன். விதானை, எஞ்சினியர், அமைச்சர், நீதிபதி என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் மனைவியின் அண்ணனையும் திட்டினேன். அவருடைய தங்கை அங்கேயே சூடை மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள் என்பது திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க கதவத் துறக்க நினைக்கிறிங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருசமா வேற என்னத்துக்கு நான் கொழும்புக்கும் இஞ்சைக்கும் ஓடித் திரியிறன்?"

"மேல் வட்டை வோட்டுக்காக நீங்கதான் மூடி வெச்சிரிக்கிங்க எண்டு நான் நினச்சன். காக்காவும் அப்பிடித்தான் சொன்னார். ஆம்புளையள்ற அரசியல் எண்டு வாய மூடிக்கிட்டு இரிந்தன்." காக்கா என்றது தன் அண்ணனை. சட்டியை அப்பால் தள்ளினாள். "மதினிட மகள் என்ன எனக்குப் பிறத்தியா?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சட்டியில் சோறு தின்றுகொண்டு இருக்கிறவள், நான் என் ராத்தாவின் பயிரை வோட்டுக்காகச் சாகவிடுகிறேன் என்று நம்பியிருக்கிறாள். நம்பிவிட்டுப் பேசாமலும் இருந்திருக்கிறாள். ஏனடி கேட்கவில்லை என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவள் கை கழுவ எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை சுபஹு தொழுதுவிட்டு வந்தபோது கூடாரம் கட்டி, முன்னும் பின்னும் சீலையால் மறைத்த வண்டில் வாசலில் நின்றது. மனைவி உள்ளே ஏறியிருந்தாள். எங்கே என்று கேட்டேன். "எண்ட வயலுக்கு" என்றாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் அந்த வயலுக்குப் போனதில்லை. எங்கள் குடும்பத்துப் பெண்கள் வட்டைக்குப் போவதில்லை. அந்தப் பாதையில் கார் போகாது. எனக்காக வந்து காத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, நாட்டுக்குச் சட்டம் இயற்றுகிற நான், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிலுக்குப் பின்னால் நடந்தேன். வேலை கேட்டு வந்த ஒருவர் விடாமல் கூடவே நடந்து வந்து தன் மகனின் பரீட்சைப் பெறுபேறுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விதானை எல்லைக் கதவடியில் நின்றார். வண்டில் சீலைக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரல் வந்தது. "விதானையார், கடைசி வயல் எண்ட வயல். எனக்குத் தண்ணி இவ்வளவு காணும். கதவத் துறந்து விடுங்க."

விதானை வயலைப் பார்த்தார். தாழ்வான மூலையில் கணுக்கால் அளவுக்கு நீர் நின்றது, மற்றப் பக்கம் ஈரம்தான். "நிரம்பல்லயே, புள்ள" என்றார்.

"விளைச்சல் குறஞ்சா எண்ட அடுப்படியில குறையட்டும். சொந்தக்காரி சொன்னாக் காணும் எண்டுதானே கோட்டுல எழுதியிரிக்கி?"

விதானை என்னைப் பார்த்தார். "சேர்?"

அந்தக் கட்டளையின் ஒவ்வொரு வரியும் என்னுடையது. ஓம் என்று தலையாட்டினேன்.

யாரோ போய்ச் சொல்லி, மச்சான் வரம்பில் ஓடி வந்தார். "உனக்கென்ன விசரா, ஊரே சிரிக்கும்" என்று வண்டிலைப் பார்த்துச் சத்தம் போட்டார். "சிரிச்சிட்டுப் போகட்டும் காக்கா. வயலப் பாத்துக்கச் சொல்லித்தான் உங்களுக்கிட்டத் தந்த, எண்ட வாய உங்களுக்கு எழுதித் தரல்ல" என்று சீலைக்குள்ளிருந்து பதில் வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "இது நீங்க சொல்லிக் குடுத்த வேல மச்சான். இந்தச் சட்டமெல்லாம் அவளுக்கு எப்பிடித் தெரியும்?" நான் சொல்லிக் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்.

விதானை பலகைகளை ஒவ்வொன்றாக உருவினார். கலங்கிய நீர் இரைந்துகொண்டு கீழே ஓடியது. வாய்க்கால் ஓரத்தில் கீழ் வட்டைக்காரர்கள் எப்படியோ கூடிவிட்டிருந்தார்கள். அவர்கள் வண்டிலின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். அன்று மாலையே ஊர்வலம். பட்டாசு. கழுத்து நோகும் அளவுக்கு மாலை. தேர்தலுக்கு முதல் எனக்கு விளக்கம் சொன்ன அந்த வயதானவர் முன்னால் நடந்து, "நான் அண்டைக்கே சொன்னன்தானே, மூடினவர்தான் துறப்பாரெண்டு" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். நான் அல்ல, என் மனைவி என்று மேடையில் ஏறிச் சொன்னேன். எவ்வளவு தன்னடக்கம் என்று கை தட்டினார்கள். இந்தச் சனங்களின் தலையில் தட்டலாமா, என் தலையில் தட்டிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த தேர்தலில் நான் தோற்றேன். மேல் வட்டையார், கதவைத் திறந்தவனுக்கு வோட்டில்லை என்றார்கள். கீழ் வட்டையார், கதவுதான் திறந்தாயிற்றே, இனி இவரிடம் என்ன வேலை என்று, ஆற்றுக்குப் பாலம் கட்டித் தருவதாகச் சொன்ன ஒருவருக்குப் போட்டார்கள். பாலம் வரவில்லை. நான் மறுபடியும் கல்முனைக் கோட்டுக்குப் போனேன்.

கதவு திறந்த அந்தப் போகத்தில் மனைவியின் வயல் பாதிதான் விளைந்தது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய அண்ணன் அடுத்த மாரிவரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ராத்தாவின் வயலில் கதிர் முற்றித் தலை சாய்ந்தது. அட்டாளைச்சேனைக்காரர்கள் மறுபடியும் வந்து வரம்பில் நடந்து பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். அறுப்பு முடிந்த கையோடு கல்யாணம் வைத்தார்கள்.

கல்யாண வீட்டில் ராத்தா என் மனைவியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். போனவள் போனவள்தான். உள்ளேயிருந்து இருவரும் சிரிக்கும் சத்தம் முற்றம்வரை கேட்டது. நான் ஆண்களோடு பந்தலில் உட்கார்ந்து, வேலை கேட்பவர்களுக்கும் எருமை தேடுபவர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பாடு முடிந்த பிறகு ராத்தா என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள். அடுப்படியில் பலகையைப் போட்டு உட்காரச் சொல்லி, ஒரு பீங்கானில் வட்டிலப்பம் வைத்தாள். நான் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்டு கேக்கிறன், கோவிக்காத" என்றாள். "மதினி சொல்லுறா, ஒரு வார்த்த கேட்டிரிந்தா முதல் வருசமே துறந்து தந்திரிப்பாவாம். மந்திரிமாருக்கிட்டயெல்லாம் போய்க் கேட்டாய். அவக்கிட்ட ஏன் கேக்கல்ல?"

எனக்கு எரிச்சல் வந்தது. ஊர் வழக்கம் என்றேன். பெண்ணின் அண்ணன் பார்க்கிற வயலில் மாப்பிள்ளை தலையிடுவது அழகில்லை என்றேன். பெண்களை இதற்குள் இழுக்கக் கூடாதென்று நினைத்தேன் என்றேன். ராத்தா ஒன்றும் சொல்லாமல் நின்றாள். கோட்டில் எத்தனையோ சாட்சிகளை நான் இப்படிப் பேசாமல் நின்று பேச வைத்திருக்கிறேன். அந்த வித்தை எனக்கே நடக்கும் என்று நினைக்கவில்லை. பீங்கானைக் கீழே வைத்துவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"மந்திரி ஏலாதெண்டாக் கோச்சியேறி வீட்ட வரலாம், ராத்தா. அவ ஏலாதெண்டு சொன்னா, நான் எங்க போற?"

ராத்தா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. குனிந்து பீங்கானை எடுத்துக்கொண்டாள்.

"இஞ்ச வந்திரிக்கலாம்" என்றாள். "நேத்து வரைக்கும் இது எண்ட வூடுதானே."

அன்று காலையில்தான் அந்த வீட்டை அவள் மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். உறுதியை எழுதியவன் நான்தான்.